பெருவிரல் பட்ட முழங்கால்

இஸ்ரவேலின் வலது முழங்காலுக்கு இதுவரை ஆறு பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். இடது முழங்காலுக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது. இத்தனைக்கும் இடதுதான் அவருடைய சொந்த முழங்கால். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறது, கேள்வி கேட்காமல் நடக்கிறது. வலது, தேசியக் கடினப்பூச்சு உயராய்வு நிலையத்தின் சொத்து.

பாளையங்கோட்டையைத் தாண்டித் தெற்கே போனால், ஆடுகூட மேய யோசிக்கிற ஒரு பொட்டலில் அந்த நிலையம் இருக்கிறது. கட்டடத்தைவிடப் பெயர்ப்பலகை நீளம். அதற்குள்ளே காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட ஓர் எஃகுக் கலம். அதற்குள் ஓர் இரும்புச் சாமானை வைத்து, கரி கலந்த வாயுவைக் கொஞ்சம் விட்டு, மின்சாரத்தைப் பாய்ச்சினால், சாமானின் மேல் கறுப்பாக ஒரு தோல் படியும். தலைமயிரைவிட மெல்லிசு, ஆனால் ஏறத்தாழ வைரத்தின் கடினம், தொட்டால் வழுக்கும். வைரநிகர் கரிமப் பூச்சு என்று பெயர். எங்கெங்கேயோ அதை எஞ்சின் உறுப்புகளுக்கும், துளை போடும் ஊசிகளுக்கும், சவர பிளேடுகளுக்கும், இதயத்துக்குள் வைக்கும் வால்வுகளுக்கும் பூசுகிறார்கள். நல்ல சரக்குதான். சரக்கின் மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை.

நம் நிலையத்தில் அதைக் கேடயங்களுக்குப் பூசினார்கள். வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஒரு கறுப்புக் கேடயம். வருகிற விருந்தாளிகள் அதிகம், ஆகவே கலத்துக்கு ஓய்வே கிடையாது. மற்ற வேலைகளுக்கெல்லாம் ஒரே பதில்: "கலம் காலியில்லை."

இஸ்ரவேல் வண்ணார்பேட்டையிலிருந்து ராதாபுரம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேலை பார்த்த காலம் முழுவதும் நின்றுகொண்டே பயணம் செய்து, படியில் ஏறி இறங்கி, வலது முழங்கால் தேய்ந்துபோயிற்று. வேலையை விட்ட பிறகும் விசிலைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். நடக்க முடியாமல் வீட்டில் கிடந்த சமயத்தில்தான் நிலையத்தின் விளம்பரம் வந்தது: பூச்சுப் பூசிய செயற்கை மூட்டு, முதல் பயனாளிக்கு முற்றிலும் இலவசம்.

அவருடைய மனைவி யூனிஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சொன்னாள்: "சும்மா குடுக்குத சட்டையவே ரெண்டு தரம் திருப்பிப் பாக்கணும். இது காலு."

"ஏட்டி, பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க செய்யுதாங்க."

"படிச்சவங்க செய்யுததை நான் பள்ளிக்கூடத்துல நெறையப் பாத்தாச்சு."

அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. இஸ்ரவேல் கையெழுத்துப் போட்டார்.

தொடக்க விழாவுக்கு வடக்கேயிருந்து ஒரு சிறப்பு விருந்தினர் வந்தார். அவர் எந்தத் துறையில் என்ன பதவி என்பது அழைப்பிதழில் நாலு வரி ஓடியதால் யாரும் முழுதாகப் படிக்கவில்லை. தமிழ் தெரியாதவர். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். அவர் பெருவிரலை அடிவரைக்கும் முக்கி எடுத்துவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல், விரலை மட்டும் உயர்த்திப் பிடித்தபடியே மேடைக்குப் போனார். நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி பலவேசத்துக்கு மாலை, மைக், முந்திரிப்பருப்பு எல்லாவற்றிலும் கண் இருந்தது. ஒரு கைத்துண்டு கொடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

முதலில் நாடா வெட்டினார்கள். கத்தரிக்கோலுக்கும் நிலையமே பூச்சுப் பூசியிருந்தது. அது நாடாவை வெட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. சிறப்பு விருந்தினர் வெட்ட வெட்ட நாடா நழுவியது. கடைசியில் பலவேசம் பின்பக்கமாகப் போய் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். "கத்தரிக்கோலின் வழவழப்பை நேரிலேயே கண்டீர்கள்" என்று அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு இயக்குநர் முனைவர் பிரம்மநாயகி பேசினார். சரிகைக் கரை போட்ட சேலை, கணீரென்ற குரல், எதிரே இருப்பது ஒரே ஆளாக இருந்தாலும் பத்தாயிரம் பேரைப் பார்ப்பது போன்ற பார்வை.

"அன்பார்ந்த பெருமக்களே! இந்தக் கலத்துக்குள் போகும் பொருள் எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும் தெரியுமா? ஒரு தூசி ஆகாது. ஒரு துளி எண்ணெய் ஆகாது. ஒரு மனிதனின் ஒரே ஒரு கைரேகை பட்டால் போதும், அந்த இடத்தில் பூச்சு ஒட்டாது. இன்றைக்கு ஒட்டினாலும் நாளைக்கு உரியும். ஆகவேதான் எங்கள் பணியாளர்கள் தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விடுகிறார்கள். இப்போது, நாட்டின் முதல் பூச்சு மூட்டை, நமது சிறப்பு விருந்தினர் அவர்கள் தம் பொற்கரத்தால் தொட்டு வாழ்த்திக் கலத்துக்குள் அனுப்பி வைப்பார்கள்!"

முகமூடியும் கையுறையும் போட்ட இரண்டு பேர், ஒரு தட்டில் பளபளவென்று மூட்டைக் கொண்டுவந்தார்கள். சிறப்பு விருந்தினருக்கு முகம் மலர்ந்தது. அவ்வளவு நேரமும் தூக்கிப் பிடித்திருந்த பெருவிரலைத் துடைக்க அவருக்கு இப்போதுதான் ஓர் இடம் கிடைத்தது. மூட்டின் வழவழப்பான முகத்தில் அழுத்தி, கொஞ்சம் திருகி, எடுத்தார். கையுறைக்காரர்களில் ஒருவர் பதறிப்போய் ஒரு துணியை எடுத்தார். பலவேசம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்: "என்னவே செய்யுதீரு? சிறப்பு விருந்தினர் தொட்டதத் துடைக்கலாமா? போட்டோ எடுத்தாச்சு, அப்படியே உள்ள வையும்."

அப்படியே உள்ளே வைத்தார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இஸ்ரவேலும் மற்றவர்களைப் போலத்தான் கை தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே கை பாதியில் நின்றது. பக்கத்திலிருந்த யூனிஸிடம் மெல்லக் கேட்டார்: "ஏட்டி, கைரேகை படக்கூடாதுன்னு இப்பத்தானே அந்தம்மா சொன்னாக?"

"நமக்கு ரேகை இருக்கு. பெரிய ஆளுகளுக்கு இருக்காதோ என்னவோ" என்றாள் யூனிஸ்.

மூட்டைப் பொருத்தினார்கள். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்: முதல் ரெண்டு மூணு வருஷம் கால் நன்றாகத்தான் இருந்தது. இஸ்ரவேல் முருகன்குறிச்சி வரைக்கும் நடந்துபோய்க் காய்கறி வாங்கி வந்தார். தொந்தரவெல்லாம் காலுக்கு வெளியே இருந்துதான் வந்தது. எந்த விழா நடந்தாலும் நிலையத்து ஜீப் வாசலில் வந்து நிற்கும். "வாழும் சான்று" என்று எழுதிய வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு அவர் மேடைப்படி ஏற வேண்டும், உட்கார வேண்டும், எழுந்திருக்க வேண்டும், சிரிக்க வேண்டும். சிரிப்பு நிகழ்ச்சி நிரலிலேயே அச்சாகியிருந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக் காட்டுவார்கள். பொன்னாடையை அவர் தோளில் போடமாட்டார்கள். குனிந்து முழங்காலில் போடுவார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை நிலையத்தின் சாமான்களைச் சரிபார்க்கும் நாளிலும் அவர் போயாக வேண்டும். மேசை, நாற்காலி, ஏணி, இஸ்ரவேல் என்ற வரிசையில் நிற்க வைத்து, பலவேசம் அவர் முழங்காலில் ஒரு காகிதத் துண்டை ஒட்டுவார். ஏணிக்கும் அதே பசைதான். ராதாபுரத்துப் பக்கம் இஸ்ரவேலின் சொந்த ஊர்க் கோயிலில் அசனப் பண்டிகை வந்தபோது ஜீப்பை நிறுத்தி வைத்துப் பலவேசம் சொன்னார்: "அண்ணாச்சி, நீரு தாராளமாப் போலாம். உமக்கு யாரு தடை சொல்லுதா? மூட்டு வெளியூர் போவதுக்குத்தான் அனுமதி வேணும்."

"மூட்ட இங்கன வச்சிட்டு நான் எப்படிவே போவேன்?"

"அதச் சொல்லுதேன்."

அனுமதி வந்தது. அதற்குள் ஊரில் அசனச் சோறு பொங்கி, ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்டு, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தும் ஆகிவிட்டது.

வலி பிறகுதான் தொடங்கியது. முதலில் ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது இஸ்ரவேலின் காலுக்குள் 'கரக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் சத்தத்தோடு வலியும் சேர்ந்துகொண்டது. காலை ஊன்றினால் எலும்புக்குள் மணலைப் போட்டு அரைப்பது போல இருந்தது. வீங்கியது. இஸ்ரவேல் கம்பு பிடித்தார்.

நிலையத்துக்குப் போனார். வரவேற்பறையில் ஒரு மணி நேரமாகக் காத்திருந்த இன்னொருவர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். புன்னக்காயலில் இருந்து வந்த பர்னபாஸ், விசைப்படகு வைத்திருப்பவர். படகு எஞ்சினில் டீசல் அடிக்கும் பம்பின் தண்டு அடிக்கடி தேய்ந்து போகிறதாம். அதற்கு இந்தப் பூச்சுப் பூசினால் தேயாது என்று யாரோ சொல்ல, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறார்.

"எத்தன தரம் வந்தீரு?" என்றார் இஸ்ரவேல்.

"கணக்கு விட்டுப் போச்சு அண்ணாச்சி. கலம் காலியில்லங்காக. நடுக்கடல்ல எஞ்சின் நின்னு போயி நாங்க காத்துக்கு ஆடிக்கிட்டுக் கெடக்கோம், இங்கன கேடயம் வெந்துக்கிட்டு இருக்கு."

இயக்குநர் இஸ்ரவேலை அழைத்தார். பத்தாயிரம் பேரைப் பார்க்கும் பார்வையை அவர் மேல் வைத்தார்.

"திரு. இஸ்ரவேல், இந்தப் பூச்சின் உராய்வுக் கெழு என்ன தெரியுமா? பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குகிற அளவு. உராய்வே இல்லாத இடத்தில் வலி எப்படி வரும்? அறிவியல்பூர்வமாக உங்களுக்கு வலிக்க வாய்ப்பில்லை."

"அம்மா, எனக்கு வலிக்குதே."

"அது உங்கள் உணர்வு. அதை நிலையம் மதிக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். மூட்டு எங்களுடையது, வலி உங்களுடையது. இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது."

இருந்தாலும் நிலையம் கல் நெஞ்சம் கொண்டதில்லை. வலி ஆய்வுக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். அதில் பெயிண்டைப் பற்றிப் படித்தவர் ஒருவர், பாலம் கட்டியவர் ஒருவர், இன்னொருவர் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார். முழங்காலைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை. நடுநிலைமை கெட்டுவிடும் என்றார்கள். குழு, இஸ்ரவேலின் மூட்டைப் போலவே இன்னொரு மூட்டைச் செய்து, அதற்கு யாரும் சந்தனக் கையை வைக்காமல் சுத்தமாகப் பூச்சுப் பூசி, ஓர் இயந்திரத்தில் மாட்டியது. இயந்திரம் குடிதண்ணீரில் காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, லட்சக்கணக்கில் நடந்தது. ஒருமுறைகூட அது வலிக்கிறது என்று சொல்லவில்லை. இதைக் குழு தன் முடிவில் குறிப்பாகச் சுட்டிக்காட்டியது. "குறை பூச்சில் இல்லை. பயனாளியின் உடல், பூச்சின் தரத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. உடலை மேம்படுத்திக்கொள்ளுமாறு பயனாளிக்கு அறிவுறுத்தலாம்."

இதைக் கேட்டு யூனிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள். திரும்பி வந்து, "கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றாள்.

டாக்டர் ரீபா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஐயா, மூட்டச் சுத்தி எலும்பு கரைஞ்சுக்கிட்டு வருது. பூச்சு எங்கயோ உரிஞ்சிருக்கணும்னு நெனக்கேன். அது வைரம் மாதிரி கடினமான சாமான்லா? உரிஞ்ச துணுக்கு உள்ள கெடந்து எல்லாத்தையும் அரைக்கும். தெறந்து எடுத்துட்டு வேற மூட்டு வைக்கணும். தள்ளிப்போட்டா, வைக்கதுக்கு எலும்பு இருக்காது. காலையே எடுக்கும்படி ஆயிரும்."

"நாளைக்கே எடுத்திருங்கம்மா."

டாக்டர் ரீபா, அவர்கள் கொண்டுவந்திருந்த காகிதங்களிலிருந்து நிலையத்தின் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். மூட்டு நிலையத்தின் சொத்து. அவர்கள் அனுமதி இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் அதில் கை வைக்கக் கூடாது. இஸ்ரவேல் கையெழுத்துப் போட்டிருந்தார், மணிமணியான எழுத்தில்.

மறுபடியும் நிலையம். வலியே இல்லாத மூட்டை எதற்காக எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். எடுக்க அனுமதித்தால் வலி இருந்ததாக ஒப்புக்கொண்டதாகிவிடும். வலி இருந்ததாக ஒப்புக்கொண்டால் கெழு தப்பாகிவிடும். கெழு தப்பாகக் கூடாது, அது ஏற்கெனவே சுவரில் பொன்னெழுத்தில் எழுதியாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து அதே சிறப்பு விருந்தினர் நிலையத்தைப் பார்வையிட வந்தார். இஸ்ரவேலை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கம்பை வாசலிலேயே பலவேசம் வாங்கி வைத்துக்கொண்டார். இஸ்ரவேல் ஒவ்வொரு படியாகப் பல்லைக் கடித்து ஏறினார். மேலே போனதும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிறப்பு விருந்தினரைப் பார்த்து நேராகவே சொன்னார்: "ஐயா, வலி தாங்க முடியல. எலும்பு கரையுதுன்னு டாக்டரம்மா சொல்லுதாக. நீங்க ஒரு வார்த்த சொன்னா காலு பொழைச்சிரும்."

சிறப்பு விருந்தினர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் அவர் மொழியில் விளக்கினார்: "உங்களை மறுபடியும் பார்த்ததில் பயனாளிக்குப் பேச்சே வரவில்லை."

சிறப்பு விருந்தினர் உருகிப்போய் இஸ்ரவேலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆறாவது பொன்னாடை அன்றைக்குத்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்த இஸ்ரவேல் கட்டிலில் விழுந்தார். யூனிஸ் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "நம்ம பள்ளிக்கூடத்துல கூரை ஒழுகுது, பிள்ளைக நனையுதுன்னு எத்தனையோ தரம் சொன்னேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஆண்டு விழாவுக்குப் பெரியவங்க வருவாங்க, அவங்க தலையில சொட்டும்னு சொன்னேன். மறுநாளே ஓடு வந்து எறங்கிச்சு. வலிக்குதுன்னு சொன்னா இந்தக் கூட்டத்துக்குக் காது கேக்காதுங்க. நாளைக்கு நானும் வாரேன். நீங்க வாயத் தெறக்கப்பிடாது."

மறுநாள் இயக்குநருக்கு எதிரே உட்கார்ந்து, கைகளை மடியில் கட்டிக்கொண்டு, யூனிஸ் ரொம்ப அடக்கமாகப் பேசினாள்.

"அம்மா, ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. நாட்டுலயே முதல் மூட்டு. சிறப்பு விருந்தினர் தம் கையால தொட்ட மூட்டு. அது கண்ணாடிப் பெட்டியில, வெல்வெட் துணியில, வெளக்குப் போட்டு இருக்க வேண்டியதுல்லா? யாரு கண்ணுலயும் படாம இந்த மனுசன் காலுக்குள்ள கெடக்கே. எனக்கு மனசு கேக்கல."

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் இஸ்ரவேலைப் பார்த்து அவர் பதறியது அப்போதுதான்.

"ஐயையோ! இவர் இறந்துபோனால் அதையும் சேர்த்தல்லவா புதைத்துவிடுவார்கள்!"

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்றாள் யூனிஸ்.

அனுமதி அன்று மாலையே வந்துவிட்டது. கூடவே வேறு மூட்டு வைக்கும் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாவற்றுக்கும் நிலையமே பொறுப்பு. காரணம் என்ற இடத்தில் 'அருங்காட்சியகம்' என்று எழுதியிருந்தது.

டாக்டர் ரீபா மூட்டை எடுத்துவிட்டு, பூச்சு எதுவும் இல்லாத சாதாரண மூட்டு ஒன்றை வைத்தார். இஸ்ரவேல் எழுந்து உட்காரும் நிலைக்கு வந்த பிறகு, பழையதை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு எடுத்து வந்து காட்டினார். மூட்டு முழுக்க நல்ல கறுப்பு, இன்னும் பளபளப்பு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கறுப்பு உரிந்து வெள்ளி நிற உலோகம் வெளியே தெரிந்தது. ஒரு பெருவிரலின் அளவு, ஒரு பெருவிரலின் வடிவம். ஓரத்தில் ரேகைகூட வரி வரியாக விழுந்திருந்தது.

"இது என்னதுன்னு எனக்கு வெளங்கல ஐயா" என்றார் டாக்டர்.

இஸ்ரவேலுக்கு விளங்கியது. சந்தன வாசனையே மூக்கில் வந்தது. தன் காலை அரித்தது நோயில்லை, வயசில்லை, விதியுமில்லை. ஒருவர் கை துடைத்த இடம். அதைத் துடைக்க வந்தவனின் கையையும் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் தன் உடம்பைக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். அவர் யாரையும் திட்டிப் பழக்கமில்லாதவர். அன்றைக்குத் திட்டினார். டாக்டர் ரீபா கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

அருங்காட்சியகத் திறப்பு விழாவுக்கு இஸ்ரவேல் தன் காலிலேயே நடந்து போனார். அழைப்பு வந்ததால் போனதாக வெளியே சொன்னார். யூனிஸிடம், "அந்த அம்மா அதப் பாத்துட்டு என்ன சொல்லுதாகன்னு கேக்கணும்" என்றார். கறுப்பு மூட்டைக் கனமான ஒரு கருங்கல் பீடத்தில் பொருத்தி, பளபளக்க எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். முன்வரிசையில் நாற்பது பேர் வெள்ளையும் சொள்ளையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் கட்டப் பயனாளிகள், எல்லோரும் முழங்கால் தேய்ந்தவர்கள். நிலையமே ஒரு பஸ் அமர்த்திக் கூட்டி வந்திருந்தது. அவர்களில் பர்னபாஸும் இருந்தார்.

"என்னவே, எஞ்சினுக்குப் பூசியாச்சா?" என்று கேட்டார் இஸ்ரவேல்.

"எஞ்சினுக்குக் கலம் காலியில்ல அண்ணாச்சி. முழங்காலுன்னா ஒடனே எடுக்காகளாம். படகுல நின்னு நின்னு இதுவும் போச்சு. கெடைக்குதத வாங்குவோம்னு வந்துட்டேன்."

இயக்குநர் மைக் முன்னால் வந்தார். விளக்கு வெளிச்சத்தில் மூட்டைத் திருப்பிக் காட்டினார்.

"பெருமக்களே, பாருங்கள்! ஆண்டுக்கணக்கில் ரத்தத்திலும் சதையிலும் கிடந்தும், நமது சிறப்பு விருந்தினர் அவர்களின் பெருவிரல் ரேகை அழியவில்லை! ஒரு பூச்சின் நிலைத்த தன்மைக்கு இதைவிடச் சான்று உண்டா? ஆகவே, இனி வரும் மூட்டுகள் ஒவ்வொன்றிலும் அவர்தம் ரேகை பதிய வேண்டும் என்று ஆட்சிக்குழு ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது."

கையுறைக்காரர்கள் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்தார்கள். நாற்பது மூட்டுகள் வெள்ளி வெளேரென்று வரிசையாக இருந்தன. பலவேசம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். சிறப்பு விருந்தினர் பெருவிரலை முக்கினார்.

இஸ்ரவேலின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. விசிலை வாயில் வைத்து ஊதினார். ஒரே விசில், நீளமாக. நெல்லைச் சீமையில் பிறந்த எவனும் அந்தச் சத்தத்துக்கு நிற்காமல் இருக்க மாட்டான். பலவேசம் நின்றார். கையுறைக்காரர்கள் நின்றார்கள். எல்லோரும் நின்றதைப் பார்த்து சிறப்பு விருந்தினரும் விரலைத் தூக்கியபடியே நின்றார்.

"வண்டி போவாது. எல்லாரும் எறங்குங்க!" என்றார் இஸ்ரவேல்.

முன்வரிசை அவரைத் திரும்பிப் பார்த்தது.

"அந்தக் கறுப்புக்குள்ள வெள்ளையாத் தெரியுதுல்லா, அந்தப் பெருவெரலு என் காலுக்குள்ள இருந்தது. அந்த எடம் உரிஞ்சு என் எலும்ப அரைச்சிட்டு. வலிக்குதுன்னு சொன்னேன். வலிக்காதுன்னு சொன்னாக. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எனக்குக் காலே கெடையாது. எறங்குங்க, பைய எறங்குங்க."

பர்னபாஸ் மேடையைப் பார்த்தார், தூக்கிப் பிடித்திருந்த மஞ்சள் விரலைப் பார்த்தார். "அண்ணாச்சி, நெசமாவா?"

இஸ்ரவேல் வேட்டியைத் தூக்கி, நெடுக ஓடிய இரண்டு தையல் தழும்புகளையும் காட்டினார். பர்னபாஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அப்புறம் ஒரு பெண்பிள்ளை, அப்புறம் வரிசையே எழுந்தது. நாற்பது பேரும் கம்பை ஊன்றி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, நொண்டி நொண்டி வாசலைப் பார்த்து நடந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நடக்க வேண்டும் என்ற ஆர்வத்தைப் பயனாளிகளால் அடக்க முடியவில்லை!" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் சொன்னார். காலி நாற்காலிகளைப் பார்த்து அந்தப் பார்வை கொஞ்சம்கூட மாறவில்லை. "அவர்கள் நடந்துவிட்டு வருவதற்குள், இந்த முதல் மூட்டையே நமது சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு நினைவுப் பரிசாக வழங்குகிறோம்."

சிறப்பு விருந்தினர் கருங்கல் பீடத்தோடு மூட்டை வாங்கிக்கொண்டார். புகைப்படக்காரர் உயர்த்தச் சொன்னார். மூட்டைப் பிடித்து உயர்த்தினார். பூச்சு, பூச்சின் மேல் எண்ணெய், கையில் சந்தனம். நாடாவை விட்டு நழுவிய கத்தரிக்கோலைப் போலவே அது அவர் கையிலிருந்து நழுவி, கருங்கல் கீழாக, அவருடைய பாதத்தில் வந்து விழுந்தது.

அவர் போட்ட கூச்சலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இயக்குநர் பதறிக்கொண்டு குனிந்தார். மைக் இன்னும் கையிலேயே இருந்தது. பழக்கதோஷம், வாயில் வந்தது அதுதான். வாசல்வரை கேட்டது: "வலிக்க வாய்ப்பில்லை ஐயா. உராய்வுக் கெழு மிகவும் குறைவு."

சிறப்பு விருந்தினருக்கு அது புரியவில்லை. அவர் ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு காலில் குதித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

வெளியே பஸ் நின்றது. இஸ்ரவேல் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். எல்லோரும் உட்கார்ந்ததும், வலது காலை முதலில் படியில் வைத்து ஏறினார். சத்தம் இல்லை, வலியும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு விசில் கொடுத்தார். டிரைவர் எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.